துடைத்த டிஸ்க்கில் கிடைத்தவை

புது ஹார்ட் டிஸ்க்கைத் துடைக்கச் சொல்லித்தான் மேரிசுகந்தி கட்டளை கொடுத்தாள். சிமிட்டியதோ பழைய டிஸ்க்கின் பச்சை விளக்கு. சோளகக் காற்று யன்னல் கதவைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்த அந்த மத்தியானத்தில், முற்றத்தில் காய்ந்த கருவாட்டின் மணம் அறை முழுக்க நிறைந்திருக்க, மேசையில் பக்கம் பக்கமாகக் கிடந்த ஒரே அளவான அந்த இரண்டு கறுப்புப் பெட்டிகளையும் அவள் விளங்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். விளங்கியபோது துடைத்து முடிந்திருந்தது.

பழையதில்தான் ஜெனிற்றா இருந்தாள். போன வருஷம் கரம்பொன் கடலில் மூழ்கிப்போன ஆறு வயது மகள். அவளுடைய படங்கள், வீடியோக்கள் எல்லாம் அதற்குள் மட்டுமே. அது கறகறக்கத் தொடங்கியதால் புதியதுக்கு மாற்றி வைக்கத்தான் இந்தப் பாடெல்லாம். காலையில் கம்பியூட்டரை இயக்கும் லினக்ஸ் புதியதுக்கு ‘எஸ்டிபி’ என்று பெயர் காட்டியது. இடையில் கரண்ட் போய் வந்தது. அவள் திரும்பப் பார்க்காமல் அதே பெயரை அடித்துவிட்டாள். பள்ளிக்கூடத்தில் கம்பியூட்டர் படிப்பிக்கிறவளுக்கு வந்த புத்தி!

ஊர்காவற்றுறையில் கம்பியூட்டர் திருத்தும் இன்னாசித்தம்பிக்குப் போன் எடுத்தாள்.

“கரண்ட் போய் வந்தால் ரெண்டு டிஸ்க்கின்ர பெயரும் மாறிப்போகும், தங்கச்சி. டிஸ்க்கின்ர தொடரிலக்கத்தைப் பாக்கேல்லையோ நீர்?”

“இல்லையண்ணை. திருப்பி எடுக்க ஏலாதோ?”

“இனி அதைத் தொடாதையும். மவுண்ட் பண்ணித் திறந்துபோடாதையும். நான் வாறன்.”

அவர் வரும்வரை பொறுக்கப் பெற்ற வயிறு விடுமா? மவுண்ட் பண்ணினாள். டிஸ்க் திறந்தது.

உள்ளே ஒரேயொரு கோப்புறை. தொலைந்து கிடைத்தவற்றைப் போட லினக்ஸ் தானாக வைக்கிற கோப்புறை அது. இப்போதுதான் துடைத்த டிஸ்க்கில் அது வெறுமையாக இருக்கவேண்டும். இருக்கவில்லை. ஜெனிற்றாவின் வீடியோக்கள் ஒன்றுவிடாமல் அதற்குள் கிடந்தன.

“மாதாவே!” என்று வாய்விட்டு அழுதாள். அப்படியொரு சந்தோஷம்.

முதலில் பிறந்தநாள் வீடியோ. பலூன்கள், கேக், கை தட்டுகிற புருஷன் றஜீபன். வெள்ளைச் சட்டையோடு மகள் மெழுகுதிரியை நோக்கிக் குனிந்தாள். மெழுகுதிரி அணைந்தது. பிள்ளை நிமிர்ந்தாள்.

முகம் இல்லை. கண் இருந்த இடத்திலும் வாய் இருந்த இடத்திலும் வெறும் தோல்.

அடுத்ததைத் திறந்தாள். பள்ளிக்கூட முதல் நாள். முகம் இல்லை. அடுத்தது. இல்லை. சுவரில் மாலை போட்டிருந்த படத்தைத் திரும்பிப் பார்த்தாள். ரிப்பன் இருந்தது. தோடு இருந்தது. நடுவில் தோல்.

கண்ணை மூடி நினைத்துப் பார்த்தாள். மூக்கு எப்படி இருந்தது? சிரித்தால் எப்படி? வரவில்லை. பெற்றவளுக்கே வரவில்லை.

யன்னல் ஆடுவது நின்றது. கருவாட்டு மணம் போய்ப் பாசி மணம் வந்தது. மேசைக்குக் கீழே தண்ணீர் சொட்டியது.

முழங்காலில் ஒரு சின்னக் கை. குளிர்ந்த கை.

“அம்மா, என்ர முகம் எங்கை?”

அவளால் எழும்ப முடியவில்லை. பிள்ளை மடியில் ஏறியது. ஈரத் தலை. வழுவழுப்பான தோல் அவள் கன்னத்தில் உரசியது.

“அழிச்சுப்போட்டீங்கள், என்ன?”

சின்ன விரல்கள் அவளுடைய நெற்றியைத் தடவின. மூக்கை. உதட்டை. பிறகு காதோரமாக இறங்கித் தாடைக்குக் கீழே விளிம்பு தேடின.

“அப்ப உங்கடயைத் தாங்கோ.”

நகங்கள் உள்ளே இறங்கின.