மாரிக்கண்ணுவின் சுமைதாங்கி

சேரன்மகாதேவி தாண்டி, வயல்களுக்கு நடுவே ஸ்கூட்டர் நின்றபோது பொழுது சாய்ந்திருந்தது. 1994, மாசி மாதம். சிவசங்கரனும் குமரவேலும் திருநெல்வேலியில் ஒரே கல்லூரியின் இயற்பியல் வாத்தியார்கள். கூடப்பிறக்காத அண்ணன் தம்பி. ராட்சத நட்சத்திரங்கள் கருக்கொள்ளும் தூசி மேகங்களைப் படமெடுத்து, எங்கெங்கே படர்ந்திருக்கின்றன என்று கணக்கெடுக்க வந்திருந்தார்கள்.

கேமரா மயிரிழை ஆடினாலும் படம் பாழ். முக்காலியை நம்பிக் கெட்டது போதும் என்று, பாதையோரம் மார்பளவு நின்ற சுமைதாங்கிக் கல்லில் சிவசங்கரன் உளியால் துளை போட்டு, கேமராவைப் போல்ட்டு வைத்து முடுக்கினான். பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே செத்துப்போன மாரிக்கண்ணுவுக்காக அவள் வீட்டார் நட்ட கல் அது. தலைச்சுமைக்காரர்கள் அதில் இறக்கிவைத்து இளைப்பாறினால், போகும்போது கட்டாயம் எடுத்துக்கொள்வார்கள். விட்டுப்போனால் அதையும் அவள் அல்லவா சுமக்க வேண்டும்!

"அவ பாரம் இறங்கட்டும்னு வச்ச கல்லுவே. நீரு அதுல போல்ட்டு போட்டு ஏத்துதீரே" என்றான் குமரவேல்.

"போம்வே, பயந்தாங்கொள்ளி."

இருட்டியதும் கேமராவைத் திருவாதிரைப் பக்கம் திருப்பினார்கள். வயல் தவளைகள் சட்டென்று அடங்கின. விளக்கெண்ணெயும் ரத்தமும் கலந்த வாடை எழுந்தது.

கேமராவுக்குள் குனிந்து பார்த்த சிவசங்கரன் நிமிரவில்லை.

"வே... முதுகுல யாரோ ஏறுதாவ."

அங்கே யாருமில்லை.

அவன் முகம் கல்லில் மோதியது. பல் தெறித்தது. மறுபடியும் மோதியது. குமரவேல் இடுப்பைப் பிடித்து இழுத்தான். அம்மியை நகர்த்துவது போலிருந்தது. கண்ணெதிரே சட்டைக்குள் முதுகு அமுங்கியது. விலா எலும்பு முறியும் சத்தம் கேட்டது.

குமரவேல் பிடியை விட்டான். ஸ்பேனரை எடுத்துப் போல்ட்டுகளைக் கழற்றினான். விரல் நகம் பிய்ந்தது தெரியவில்லை.

"எடுத்துருதேன் தாயி! நானே எடுத்துருதேன், அவன விட்டுரு!"

கேமராவைத் தூக்கியதும் சிவசங்கரன் சரிந்து விழுந்தான். மூச்சு இருந்தது. கேமராவை வாய்க்காலில் வீசிவிட்டு, குமரவேல் வழியில் வந்த வேனை மறித்து நண்பனை ஏற்றினான்.

"பிழைச்சுக்கிடுவாரு" என்றார் ஆஸ்பத்திரி டாக்டர்.

வார்டுக்கு வெளியே பெஞ்சில் குமரவேல் உட்கார்ந்தான். வெறுங்கையோடுதான் இருந்தான். ஆனால் தூக்கிய பாரம் இறங்கவே இல்லை.

அது பைய நகர்ந்து அவன் இடுப்பில் உட்கார்ந்தது.

ஈரமான சின்ன வாய் ஒன்று, சட்டைக்கு மேலேயே அவன் மார்பைத் தேடிக் கடித்தது.