மெலிய மெலிய

காலையில் இளமதி தலையணையை உதறியபோது பத்துப் பதினைந்து கொசுக்கள் தரையில் உதிர்ந்தன. ஒன்றிலும் ரத்தக்கறை இல்லை. யாரும் அடித்துச் செத்தவை அல்ல. கணவன் பூவரசனின் மூச்சு படுகிற இடத்தைச் சுற்றி மட்டும் செத்துக் கிடந்திருக்கின்றன. 2008 ஐப்பசி. கடலூரில் மற்ற வீடுகளில் கொசுவத்திச் சுருளுக்கும் கொசு அசையவில்லை.

அவன் கெமிக்கல் கம்பெனியில் டேங்க் கழுவும் காண்ட்ராக்ட் ஆள். கடைசியாக உள்ளே இறங்கி முக்கால் மணி நேரம் நின்றவனுக்கு இருமல்கூட வரவில்லை. லேசாகத் தலை சுற்றியது, அவ்வளவுதான். பத்து நாளாக வேலைக்குப் போகவில்லை. அன்று போட்டிருந்த சட்டையை எரித்தாயிற்று. ஆனாலும் அழுகிய வாழைப்பழத்தில் மண்ணெண்ணெய் ஊற்றியது போன்ற அந்த இனிப்பு வாடை, மழைக்காகச் சாத்திய ஜன்னல்களுக்குள்ளே சோற்றிலும் குடிதண்ணீரிலும் குழந்தையின் தூளியிலும் படிந்து, அவன் வாய் திறக்கும்போதெல்லாம் இன்னும் தடித்தது.

"வாயக் கொப்பளிச்சீங்களா மாமா?"

"வாயில இல்ல இளமதி. உள்ளேருந்து வருது."

சிதம்பரத்தில் டாக்டர் மோகனப்பிரியா அவன் முதுகில் காதுக்குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார். நுரையீரலில் ஒரு குறையும் இல்லை என்றார். சொன்ன முகம் தெளியவில்லை.

"தூசின்னா நுரையீரல் புடிச்சு சளியா தள்ளிடும்மா. இது கொழுப்புல கரையிற சாமான். காத்துக்கும் ரத்தத்துக்கும் நடுவுல இருக்கிற சவ்வும் கொழுப்புதான். எண்ணெயில எண்ணெய் கலக்குறாப்புல கலந்து அந்தப் பக்கம் போயிடும்."

"அப்புறம் எங்க போவும்?"

"கொழுப்பு இருக்கிற எடத்துல போய்த் தங்கும். ஆள் மெலிஞ்சா திரும்ப ரத்தத்துக்கு வரும். மூளைக்குப் போவும். மூச்சுலயும் வரும்." டாக்டரின் பார்வை அவள் மடியில் இருந்த குழந்தைமேல் இறங்கியது. "ஒரே ரூம்லதான் படுக்கிறீங்களா? தாய்ப்பாலா?"

"ஆமாங்க."

"இன்னையோட நிறுத்திடு. பால்லயும் கொழுப்பு இருக்கு."

பூவரசனை மெலிய விடக் கூடாது என்று நெய் ஊற்றிப் பிசைந்து ஊட்டினாள். எல்லாவற்றையும் வாந்தி எடுத்தான். தடித்த உடம்புக்காரன். அவன் பெல்ட்டில் வாரத்துக்கு ஒரு புதுத் துளை போட்டாள். துளைக்குத் துளை வாடை ஏறியது. நான்காவது துளை போட்ட அன்று அவளை உற்றுப் பார்த்து, "யாரும்மா நீங்க?" என்று கேட்டான். ஐந்தாவது போட வேண்டியிருக்கவில்லை.

கருமாதி முடிந்ததும் வீட்டைக் கழுவி, ஜன்னல்களைத் திறந்து வைத்தாள். வாடை போய்விட்டது. குழந்தை புட்டிப்பாலைத் துப்பித் துப்பி வீறிட்டது. வற்றாமல் கட்டிக்கொண்ட தன் பாலை அவள் பீய்ச்சிச் சாக்கடையில் கொட்டினாள். அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ரவிக்கை தோளில் நிற்காமல் நழுவியது.

ஒரு மத்தியானம். கரண்டு இல்லை. அசதியில் தரையிலேயே தூங்கிப்போனவள் திடுக்கிட்டு விழித்தாள்.

வாடை.

ஜன்னல் திறந்திருந்தது. அவன் இல்லை. உள்ளங்கையைக் குவித்து ஊதி மோந்து பார்த்தாள்.

அவளிடமிருந்துதான்.

அப்போதுதான் மார்பில் அந்த இழுப்பு தெரிந்தது. தவழ்ந்து வந்திருக்கிறது. தளர்ந்த ரவிக்கைக்குள் முகம் புதைத்திருக்கிறது. இழுத்தாள். விடவில்லை. ஈறு இறுகியது. மறுபடி இழுத்தாள்.

கடைவாயில் பால் வழிய, கண்ணைத் திறந்து அவளையே பார்த்தபடி, குழந்தை நிதானமாகக் குடித்துக்கொண்டிருந்தது.