ஒருத்தர் திரும்பினால் போதும்

கனகரத்தினத்தார் வரம்பேறிப் போய் வெகுநேரமாகியும் பறவைகள் இறங்கவில்லை.

கிடுகுக் கொட்டிலுக்குள் குந்தியிருந்த குணலட்சுமி, கண் மட்டத்தில் வெட்டிய ஓட்டை வழியே தூரக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு, தொண்டைமானாற்றுக் களப்புக்கு மேலே வட்டமடித்துக்கொண்டேயிருந்த பூநாரைகளைப் பார்த்துப் பார்த்துக் கண் கடுத்துப்போனாள். இறங்குவதுபோல் காலை நீட்டும். கொட்டிலுக்குக் கிட்ட வந்ததும் எதையோ கண்டதுபோல் கத்திக்கொண்டு மேலே ஏறிவிடும். சனியன்கள்! இதற்காகவா முழங்கால் புதையச் சேறு மிதித்து வந்தேன் என்று அவளுக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது.

பறவைக் கழகத்தாரிடம் ஒரு வழக்கம் இருந்தது. கொட்டிலுக்குத் தனியாகப் போனால் பறவைகள் கண்டுகொள்ளும். அன்று முழுக்கக் கிட்ட வராது. ஆகையால் எப்போதும் இரண்டு பேராகப் போவார்கள். ஒருவர் உள்ளே தங்கிவிட, மற்றவர் எல்லாப் பறவைக்கும் தெரியும்படி கையை வீசிக்கொண்டு திரும்பிப் போவார். பறவைக்கு எண்ணத் தெரியாது. வந்த ஆள் போய்விட்டது என்று நம்பி, அவர் வரம்பில் ஏறுமுன்னமே இறங்கிவிடும். அந்த உபாயம் ஒருநாளும் தவறியதில்லை.

"இண்டைக்கு நீங்கள் இருங்கோ, ரீச்சர். ஒருத்தர் திரும்பினால் போதும்" என்று கனகரத்தினத்தார் சொன்னபோது அவளால் நம்பவே முடியவில்லை. பாண் வாங்கக் கியூவில் நின்ற அந்தப் பஞ்ச வருடம் அவள் கழகத்தில் சேர வந்தபோது, "பொம்பிளையளைக் கூட்டிக்கொண்டு போனால் காகம்தான் வரும்" என்று முகத்துக்கு நேரே சொன்ன மனிதர் அவர். கோட்டில் வழக்குப் பேசிப் பழகிய பிரக்கிராசி, வாயில் எப்போதும் ஒரு சுருட்டு, மூக்கு நுனியில் கோபம். மற்ற ஆண்கள் சேர்ந்து சிரித்தார்கள். இன்றைக்கும் அவளோடு வரப் பிடிக்காமல்தான் எல்லோரும் மயிலிட்டிக்குப் போயிருந்தார்கள். அவர் ஒருவர்தான் தன்னுடைய ஒஸ்ரின் காரில் அவளைக் கூட்டிவந்தார்.

ஆள் மாறித்தான் போனார். போன மார்கழியில் இதே கொட்டிலில் ஒரு பின்னேரம் இருந்துவிட்டுப் போனதிலிருந்து சுருட்டும் இல்லை, கோபமும் இல்லை. "இப்பதான் பிள்ளை, இந்த மனிசனோடை சீவிக்கலாம் போல கிடக்குது" என்று அவருடைய மனைவி ஞானாம்பிகை அக்கா தேத்தண்ணி ஊற்றிக்கொண்டே சொல்லிச் சிரித்தார். வீட்டு நாய் மட்டும் அவரைக் கண்டால் குரைத்துக் குரைத்துத் தொண்டை கட்டி, கடைசியில் படலையைத் தாண்டி ஓடியே போய்விட்டது. விசர் நாய் என்றார்கள். குணலட்சுமியும் சேர்ந்து சிரித்தாள்.

வாடைக்காற்று கிடுகைப் பிய்த்தது. அழுகிய பாசியும் உப்பும் பழங்கிடுகின் புளித்த வாடையும் கலந்து வந்தது. இன்னும் கொஞ்சநேரம் பார்ப்போம் என்று நினைத்தாள். உடுவிலில் அயல் வீட்டில் விட்டுவந்த மகள், ஆறு வயதுப் பராசக்தி, காத்துக்கொண்டிருப்பாள். தகப்பன் கொழும்பில் கந்தோர் வேலை. தாயின் கை மேலே கிடந்தால்தான் பிள்ளைக்கு நித்திரை வரும். "அம்மா, ரோசாநிற இறகு ஒண்டு கொண்டு வாங்கோ" என்று கேட்டிருந்தாள். விளக்கு வைக்க முன்னம் வந்துவிடுவேன் என்று அவளுடைய தலையில் கைவைத்துச் சத்தியம் பண்ணிவிட்டு வந்திருந்தாள் குணலட்சுமி. அந்தச் சத்தியம் இப்போது நெஞ்சுக்குள் குத்திக்கொண்டிருந்தது.

அப்போதுதான் சுருட்டு மணத்தது.

மெல்லிய மணம். காற்றோடு வந்து, காற்று நின்ற பின்னும் நின்றது. அவர் திரும்ப ஊதத் தொடங்கிவிட்டார் போலும் என்று நினைத்து வரம்பைப் பார்த்தாள். தூரத்தில் காருக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். வாயில் ஒன்றும் இல்லை. காற்றும் அவரிடமிருந்து இந்தப் பக்கம் வரவில்லை. வலப்பக்கத்து ஓட்டையால் பார்த்தாள். தண்ணீருக்குள் ஒரு கட்டை நின்றது. மீன் அடைக்கும் பட்டிக்கு நட்ட பழங்கட்டை. அதன்மேல் நீர்க்காகம் ஒன்று செட்டை இரண்டையும் விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தது. வரும்போது பார்த்த கட்டைதான்.

ஆனால் வரும்போது அது கண்டல் பற்றைக்குப் பக்கத்தில், அங்கே தள்ளியல்லவா நின்றது?

தண்ணீரில் தூரம் தெரியாது, கண்ணை ஏமாற்றும் என்று சொல்லிக்கொண்டாள். பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிற விஷயம்தானே. பூநாரைகளைப் பார்த்தாள். இன்னும் மேலேதான். இறங்கப் பார்த்து, கத்தி, ஏறி. கொட்டிலில் ஆள் இருக்கிறது என்று அவற்றுக்குத் தெரிகிறது. எப்படித் தெரியும்? ஒருவர் போய்விட்டாரே. அவள் அசையவில்லை, இருமவில்லை.

யாரோ இருமினார்கள்.

வலப்பக்கம். அடித்தொண்டையிலிருந்து வந்த வறட்டு இருமல். ஓட்டையில் கண்ணை வைத்தாள். கட்டை இன்னும் கிட்ட. நீர்க்காகம் அப்படியே செட்டையை விரித்தபடி. தண்ணீரில் ஒரு சுருக்கம்கூட இல்லை. சுருட்டு மணம் இப்போது மூக்கை அடைத்தது.

எழும்பு, போ. பார்த்தது காணும். பறவையும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். வரம்புக்கு ஓடு.

எழும்ப நினைத்தபோது முதுகுக்குப் பின்னால் சேறு சப்பென்றது.

வெளியில் அல்ல. கொட்டிலுக்குள்.

ஈரக் கால் ஒன்று சேற்றிலிருந்து பிடுங்கப்படும் சத்தம். பிறகு மற்றக் கால். சேலை உரசியது. பின்கழுத்தில் மூச்சுப் பட்டது. குளிர்ந்த, உப்பு மூச்சு. அவள் மூச்சை இழுத்தபோது அதுவும் இழுத்தது. அவள் அடக்கினாள். அதுவும் அடக்கியது. கத்த வேண்டும். கழுத்து திரும்பவில்லை. வாய் திறக்கவில்லை. பராசக்தி, பராசக்தி என்று மனம் மட்டும் அடித்துக்கொண்டது.

பின்பக்கத் தட்டி திறந்து மூடிற்று. மூச்சு போய்விட்டது.

ஓட்டையால் பார்த்தாள். வரம்பை நோக்கி ஒரு பெண் நடந்து போய்க்கொண்டிருந்தாள். கிளிப்பச்சைச் சேலை, முழங்கால் வரை தூக்கிச் செருகியிருந்தது. காலையில் அவசரத்தில் குத்திய வளைந்த கொண்டையூசி. கழுத்தில் தூரக்கண்ணாடி. குணலட்சுமி தன் கைகளைப் பார்த்தாள். கை வெறுமையாக இருந்தது.

அந்தப் பெண் கைகளை நன்றாக வீசி நடந்தாள். எல்லாப் பறவைக்கும் தெரியும்படி.

பூநாரைகள் இறங்கின.

எல்லாமாக இறங்கின. வானம் முழுக்கக் கொட்டுண்டதுபோல் கொட்டிலைச் சுற்றி வந்து நிறைந்தன. ஓட்டைக்கு முன்னால் செங்கால்கள். கிடுகில் செட்டை அடிக்கும் சத்தம். உள்ளான் குருவிகள் தட்டிக்கு அடியால் உள்ளே நடந்து வந்து, அவளுடைய கால் விரல்களுக்கு நடுவே சேற்றைக் கொத்தின.

அப்போதுதான் குரல் வந்தது. அலறினாள். தொண்டை கிழிய அலறினாள்.

ஒரு குருவிகூடத் தலையைத் தூக்கவில்லை.

தட்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே பாய்ந்தாள். பறவைகளுக்கு நடுவே விழுந்து ஓடினாள். ஒன்றும் பறக்கவில்லை. ஒன்றும் விலகவில்லை. கண்ணுக்கு நேரே பார்த்த பூநாரை அவளூடாகவே பார்த்துவிட்டுத் தலையைத் தண்ணீருக்குள் விட்டது. "ஐயா! நில்லுங்கோ ஐயா! உது நானில்லை!" சேறு முழங்காலைப் பிடித்தது. இழுத்தாள். வரவில்லை. மற்றக் காலை வைத்தாள். அதையும் பிடித்தது.

வரம்படியில் அந்தப் பெண் குனிந்தாள். சேற்றிலிருந்து எதையோ பொறுக்கித் துடைத்துக் கொண்டையில் செருகினாள். ரோசாநிற இறகு. கனகரத்தினத்தார் சிரித்துக்கொண்டே கார்க் கதவைத் திறந்துவிட்டார். தண்ணீருக்கு மேலால் குரல்கள் பக்கத்தில் பேசுவதுபோலக் கேட்டன.

"உள்ளை ஒண்டும் விட்டிட்டு வரேல்லையே, ரீச்சர்?"

"இல்லை ஐயா." குணலட்சுமியின் குரல். அதே குரல். "அங்கை ஒண்டும் இல்லை. கெதியாப் போவம். என்ரை பிள்ளை பாத்துக்கொண்டிருப்பாள்."

"என்ரை பிள்ளை!" என்று குணலட்சுமி கத்தினாள். "அது என்ரை பிள்ளை!"

கார் ஸ்ரார்ட் ஆனது. சிவப்பு விளக்கு தாழம்பற்றை வளைவில் திரும்பி மறைந்தது. சன்னதிக் கோயில் மணி அடித்தது. உடுவிலில் விளக்கு வைத்திருப்பார்கள்.

பக்கத்தில் இருமல்.

கட்டை இப்போது கை எட்டும் தூரத்தில் நின்றது. உப்புப் படிந்த வேட்டி. இரண்டு தோளிலும் பறவை எச்சம் வெள்ளை வெள்ளையாகப் பொருக்குக் கட்டியிருந்தது. தலைமேல் நீர்க்காகம். வெடித்த உதட்டில் ஊறிப்போன சுருட்டுத் துண்டு. கண் திறந்தது.

"எத்தினை தரம் இருமிக் காட்டினனான்! காது கேளாதோ உமக்கு?" பழைய கனகரத்தினத்தாரின் பழைய கோபம். பிறகு அந்தக் குரல் உடைந்தது. "வீட்டிலை... என்னைத் தேடினவையோ, பிள்ளை?"

தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு சிரித்த ஞானாம்பிகை அக்காவின் முகம் அவளுக்குத் தெரிந்தது.

"உங்கடை நாய் தேடினது, ஐயா" என்றாள்.

சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கு அது உறைத்தது. அவளுடைய வீட்டில் நாய் இல்லை. இரவில் பிள்ளையின் மேல் ஒரு கை கிடக்கும்; பிள்ளை கண்ணை மூடிக்கொள்ளும்.

இருட்டிக்கொண்டு வந்தது. கரிய செட்டை ஒன்று தாழப் பறந்து வந்தது. இடத்தைப் பார்த்து, காலை ஊன்றி, குணலட்சுமியின் தோளில் அமர்ந்தது. பிறகு ஆற அமரச் செட்டை இரண்டையும் விரித்துக் காற்றில் காயவைக்கத் தொடங்கியது.