நாற்பது நொடி

பூவராகனின் மரணம் பதினோரு நிமிடம் ஓடியது. உணர்வேற்றியைத் தலையில் மாட்டிக்கொண்ட மரகதவல்லி அந்தப் பதினோரு நிமிடமும் பூவராகனாகவே இருந்தாள். அவனுடைய உள்ளங்காலில் தார்ச்சூடு ஏறியது. வலது தோள் கடுத்தது. ஆரஞ்சுக் கூம்புகளின் வரிசையைத் தாண்டி இரண்டடி வைத்தாள். இடுப்பில் லாரி மோதியது. வலி உச்சத்தைத் தொடும் முன் கருவி அணைந்து, காதில் ஒரு குரல் பதமாகச் சொன்னது: "கூம்பைத் தாண்டியது என் தவறு. நான் கற்றுக்கொண்டேன்."

சாலைகள் வாரியத்தில் இப்போது பாதுகாப்புப் பயிற்சி என்றால் இதுதான். பணியாளரின் தலைக்கவசம் அவர் காண்பது, கேட்பது, உடம்பில் படுவது, மனதில் ஓடுவது எல்லாவற்றையும் பதிந்துவைக்கும். அதிலேயே அதிகாரிகளோடு பேசவும் செய்யலாம். விபத்து நடந்தால் அந்தப் பதிவை மற்றவர்களுக்கு ஏற்றுவார்கள். நூறு வகுப்பு நடத்தியும் மண்டையில் ஏறாதது ஒரே சாவில் ஏறிவிடும் என்றது வாரியம். விபத்துகள் பாதியாகக் குறைந்ததும் உண்மைதான்.

"பெருவிரலை வைங்கக்கா," என்று பயிற்சி அலுவலர் சுகிர்தா பலகையை நீட்டினாள். ரேகை வைத்தால்தான் மறுநாள் வேலை.

மரகதவல்லி வைக்கவில்லை. "இதுல குறையுதும்மா."

"என்ன குறையுது?"

"அன்னிக்கு முப்பதடி தள்ளி நான்தான் கொடி பிடிச்சிக்கிட்டு நின்னேன். கூம்பைத் தாண்டறதுக்கு முன்னாடி பூவராகன் யார்கிட்டயோ பேசினான். 'வண்டி வந்துகிட்டே இருக்கு சார்'னு கத்தினான். அது எங்க?"

சுகிர்தா திரையைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். குரல் இறங்கியது. "நேரம் அதிகமாகுதுன்னு நாப்பது நொடியை வெட்டியிருக்காங்கக்கா."

"லாரியை வெட்டல. அது அவன் இடுப்புல இடிச்சதை வெட்டல. அதை மட்டும் வெட்டினாங்களா?"

அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எவனோ செய்த தவறைச் செத்தவன் வாயில் திணித்து, அவனோடு சோறு பகிர்ந்தவர்களின் நரம்பிலேயே ஏற்றுகிறார்கள். ஏற்கெனவே நூற்றுப் பதினேழு பேர் ரேகை வைத்திருந்தார்கள். பூவராகனின் அலட்சியம் இனி அவர்களுக்குக் காதில் விழுந்த செய்தி அல்ல. தாங்களே செய்து, தாங்களே அனுபவித்த தவறு.

மரகதவல்லியின் குழுவில் இருந்த மற்ற எட்டுப் பேரும் விரல் வைக்க மறுத்தார்கள். விஷயம் அடுத்தடுத்த குழுக்களுக்கும் பரவியது. ஆறு நாள் புறவழிச்சாலையில் ஜல்லி குவிந்த இடத்திலேயே கிடந்தது. ஏழாம் நாள் முழுப் பதிவையும் வெளியே விட வாரியம் சம்மதித்தது.

"முதல்ல பொறியாளர் சார் மாட்டிக்கட்டும்," என்றாள் மரகதவல்லி.

கோட்டப் பொறியாளர் இளங்கீரன் எல்லோர் முன்னிலையிலும் மாட்டிக்கொண்டார். பூவராகனின் காதுக்குள் தன் குரலையே கேட்டார்: "மேலிடத்துலேருந்து போன் மேல போன் வருது. ரோட்டைத் திறந்து விடணும், கூம்பை எடுய்யா." பூவராகன் மறுத்தான். "நாளைக்கு வேலைக்கு வரணுமா, வேணாமா?" என்றது அதே குரல். அவன் மகளின் பள்ளிக்கூடச் சீருடை ஒரு கணம் நினைவில் வந்துபோனது. கால்கள் கூம்பை நோக்கி நடந்தன.

கழற்றும்போது அவர் முகம் நனைந்திருந்தது. "நான்தான்," என்றார்.

அன்றே ஆணை வந்தது. அபாயம் என்று பணியாளர் ஒருவர் சொன்னாலும் வேலை நிற்க வேண்டும். பூவராகன் மீது தவறில்லை. இளங்கீரனுக்கு எச்சரிக்கை மட்டும். அதிகாரிகள் எல்லோரும் வெட்டாத பதிவை ஏற்றிக்கொள்ள வேண்டும். மாநிலத்தின் நானூற்றுப் பன்னிரண்டு பொறியாளர்களும் பூவராகனாகிச் செத்துப் பிழைத்து, 'கற்றுக்கொண்டேன்' என்று ரேகை வைத்தார்கள். மரகதவல்லி பூவராகனின் மனைவியைத் தேடிப்போய், "அவன் மேல தப்பில்லைன்னு எழுதிட்டாங்கடி," என்று சொல்லிவிட்டு, அவளோடு சேர்ந்து அழுதுவிட்டு வந்தாள்.

மூன்று வாரம் கழித்து மேம்பாலச் சரிவில் வேலை. ஒரு பக்கத்தை அடைத்திருந்தார்கள். இரண்டு கிலோமீட்டருக்கு வண்டிகள் நின்று ஒலியெழுப்பிக்கொண்டிருந்தன. எதிர்ப்பக்கம் இளங்கீரனின் ஜீப் வந்து நின்றது. கவசத்தில் அழைப்பு எதுவும் வரவில்லை. ஜன்னல் வழியாக அவர் கையசைத்தார். பிறகு தன் தலையைத் தொட்டுக் காட்டினார்.

"ஹெல்மெட்டைக் கழட்டி வச்சிட்டு இப்படி வாம்மா. ஒரு நிமிஷம் பேசணும்."

மரகதவல்லிக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது: கவசம் தலையில் இல்லாவிட்டால் அவர் சொல்வது எதிலும் பதியாது. நானூற்றுப் பன்னிரண்டு பேரும் பூவராகனின் சாவிலிருந்து கற்றுக்கொண்ட பாடம் இதுதான்.

மோவாய்ப் பட்டையை இறுக்கிக்கொண்டு, சிவப்புக் கொடியைத் தலைக்கு மேல் உயர்த்தினாள்.

"இங்கேருந்தே சொல்லுங்க சார். சத்தமா சொல்லுங்க."

ஜீப்பின் கண்ணாடி மெல்ல மேலேறி மூடிக்கொண்டது.