இரண்டு கதவுகளுக்கு நடுவே

வக்கீல் இன்று கதவருகே வந்து உட்காரவில்லை.

வக்கீல் என்பது பூனை. உடம்பெல்லாம் கறுப்புக் கோட்டு, கழுத்தில் வெள்ளைப் பட்டை, எதற்கெடுத்தாலும் எதிர்வாதம். வேறு என்ன பெயர் வைப்பது? தினமும் மாலை நாலு மணிக்கு லவ் பேர்ட்ஸ் இரண்டும் கத்தத் தொடங்கியதும் அவற்றின் அறை வாசலில் ஆஜராகி, கதவுக்கு அடியில் உள்ள இடுக்கில் மூக்கை வைத்துக்கொண்டு அசையாமல் கிடக்கும். இன்று நாலரை ஆகியும் அவனுடைய வேலை மேஜைக்கடியில், காதுகளைப் பின்னால் மடித்துக்கொண்டு பதுங்கியிருந்தது. பறவைகளும் கத்தவில்லை. மழை மேகம் கட்டி வீடே மங்கிப்போயிருந்தது. மேஜைமேல் அவன் தேய்த்துக்கொண்டிருந்த பல்செட் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது.

அவன் பல்செட் செய்கிறவன். வீட்டு முன்னறைதான் பட்டறை. பூனை அவனுடையது, பறவைகள் மனைவியுடையவை. போன வருடம் மூன்றாவது பறவையை வக்கீல் வாயில் கவ்விக்கொண்டு வந்தபோது அவள் இரண்டு நாள் அவனோடு பேசவில்லை. அதற்குப் பிறகுதான் தச்சரைக் கூப்பிட்டு, மரக்கதவுக்கு உள்ளே தள்ளி ஒரு கம்பிவலைக் கதவு போட்டார்கள். இரண்டுக்கும் நடுவில் ஒடுக்கமான ஒரு வழி. நீளத்துக்கு ஓர் ஆள் படுக்கலாம். முதலில் பூனையைச் சமையலறையில் அடைக்க வேண்டும். நடுவழிக்குள் வந்து மரக்கதவைச் சாத்த வேண்டும். அதற்கு அப்புறம்தான் வலைக்கதவின் கொக்கியைத் தூக்கலாம். ஒரே நேரத்தில் இரண்டும் திறந்திருக்கவே கூடாது. அது அவள் போட்ட சட்டம்.

ஆபரேஷன் முடிந்து அவள் நாளைக்கு வீடு திரும்புகிறாள். மத்தியானம் போனில் முதலில் கேட்டதே பறவைகளைப் பற்றித்தான்.

“என்னங்க, பசங்க நல்லா இருக்காங்கல்ல?”

“உன் பசங்களுக்கென்ன, ராஜா மாதிரி இருக்காங்க. என்னைப் பத்திக் கேக்க மாட்டியா?”

“நீங்க எப்படியும் சாப்பிட்டிருப்பீங்க. இன்னொன்னு போச்சுன்னா என்னால தாங்க முடியாதுங்க. சொல்லிட்டேன்.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். கடைசி வார்த்தையில் குரல் உடைந்தது.

வக்கீலைத் தூக்கிக்கொண்டு போய்ச் சமையலறையில் விட்டான். வழக்கமாக ஒரு கீறலாவது வாங்காமல் இந்தக் காரியம் நடக்காது. இன்று அது தானாகவே கையிலிருந்து குதித்து, மூலைக்கு ஓடிச் சுருண்டுகொண்டது. அவன் கதவைச் சாத்தும்வரை அவனையே பார்த்தது.

தினைக் கிண்ணத்தோடு நடுவழிக்குள் நுழைந்து, மரக்கதவை இழுத்துத் தாழ்ப்பாள் போட்டான். தினையின் தூசி மணம், காய்ந்த எச்சத்தின் காரம், அதற்கும் அடியில் இன்னொன்று. பழைய பல்செட்டை ரிப்பேருக்குக் கொண்டு வருகிறவர்கள் பொட்டலத்தைப் பிரித்ததும் எழுமே, ஊறிப்போன வாயின் வாடை, அது. கையை மோந்து பார்த்தான். கையில் சோப்பு மணம்தான் இருந்தது.

வலைக்கு அப்பால் கூண்டு. இரண்டு பறவைகளும் கடைசி மூலையில் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு ஒட்டியிருந்தன. ஓர் இறகுகூட அசையவில்லை. தலையைச் சாய்த்து, ஆளுக்கொரு கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தன. அவனை அல்ல. அவன் தலைக்கு மேலே, கூரை வரை ஏறிப்போகும் இருட்டை.

“என்னடா தங்கங்களா, ஏன் இப்படி?” என்றான்.

மேலே ஏதோ மூச்சு விட்டது.

நிமிர்ந்து பார்க்க அவனுக்குத் தைரியம் வரவில்லை. திரும்பி, மரக்கதவை நோக்கி இரண்டு எட்டு வைத்தான். பின்னால் ‘கிளிக்’ என்றது. வலைக்கதவின் கொக்கி மெல்ல எழுந்துகொண்டிருந்தது.

கிண்ணம் விழுந்தது. பாய்ந்து வந்து கொக்கியை அமுக்கினான். நின்றது. கையை எடுத்தான். எழுந்தது. மறுபடி அமுக்கினான்.

மறு கையை மரக்கதவுப் பக்கம் நீட்டினான். விரல் நுனிக்கும் தாழ்ப்பாளுக்கும் நடுவே ஒரு சாண். எட்டவில்லை.

விட்டுவிட்டு ஓடலாம். ஓடினால் பிழைத்துக்கொள்ளலாம். நாளைக்கு அவள் வருவாள். நேரே இந்தக் கூண்டுக்குத்தான் வருவாள்.

அழுகை வந்தது. இரண்டு கையாலும் கொக்கியை அழுத்திக்கொண்டான்.

பறவைகளின் பார்வை இறங்கத் தொடங்கியது. மெதுவாக. இருட்டிலிருந்து அவன் உச்சந்தலைக்கு. நெற்றிக்கு. காதுக்கு.

அங்கேயே நின்றது.

பிடரியில் ஈரம். பிறகு பற்கள். கடிக்கவில்லை. அளவெடுப்பதுபோல் வெறுமனே படிந்தன. முப்பது வருடமாகப் பல் செய்கிறவன்; வரிசை எந்த இடத்தில் வளைந்து திரும்ப வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். இது திரும்பவில்லை. பிடரியிலிருந்து தோளுக்கு, தோளிலிருந்து முதுகுக்கு, முதுகிலிருந்து இன்னும் கீழே, ஒன்றன்பின் ஒன்றாக வந்து படிந்துகொண்டே இருந்தது. அவன் கொக்கியை விடவில்லை.