ஆணியில் மாட்டிய வில்லை

விளக்குகளை அணைத்ததும் மூச்சு ஒன்று கூடுதலாகக் கேட்டது.

வேல்ஸ் பள்ளத்தாக்கின் அந்தப் பழைய நிலக்கரிச் சுரங்கத்தைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு எல்வின் கடைசியாகக் காட்டுவது இருட்டைத்தான். தலைவிளக்குகளை ஒரு நிமிடம் அணைக்கச் சொல்வான். சிரிப்பெல்லாம் அடங்கி, ஈரப் பாறையின் வாடையும், எங்கோ சொட்டும் தண்ணீரும், பன்னிரண்டு பேரின் மூச்சும் மட்டும் மிஞ்சும். இன்று அவன் இடது காதருகே இன்னொன்று இழுத்தது, நெஞ்சு நிறையக் கரித்தூள் சேர்ந்தவனின் இழுப்பு. விளக்கு வந்ததும் எண்ணினான். பன்னிரண்டு பேர்தான்.

"முந்தின கூட்டத்துல யாரோ தங்கிட்டாங்க போலடா," என்றான் எல்வின், கூட்டாளி இவோரிடம்.

"பாத்துட்டு வா. இவங்களோட நான் மேல போறேன். உன் வில்லையக் கொடு, மாட்டிடுறேன்."

கீழே இறங்குகிறவன் தன் எண் பொறித்த பித்தளை வில்லையைப் பலகையிலிருந்து எடுத்துப் போவான். மேலே வந்து தன் கையாலேயே மாட்டுவான். காலி ஆணி இருந்தால் ஆள் இன்னும் கீழே. எல்வின் அதை யாரிடமும் கொடுத்ததில்லை. ஆனால் இப்போது இது வேடிக்கைச் சுரங்கம்தானே, கேட்பவன் இவோர்தானே. கொடுத்துவிட்டான்.

அந்தக் காலத்தில் கரிவண்டி இழுத்த குதிரைகளை நிலத்தடியிலேயே கட்டிய லாயத்தில் யாரும் இல்லை. அதற்கப்பால் செங்கல் வைத்து அடைத்த வழி. இவோரின் தம்பி ஹெய்டன் அதற்குள்தான் இருக்கிறான். நாற்பது வருடத்துக்கு முன் கூரை இடிந்தபோது அவனோடு வேலை செய்து, அவன் தகரப் பெட்டி ரொட்டியில் தினமும் பாதி தின்ற எல்வின் மட்டும் ஓடித் தப்பினான். இவோர் ஒருநாளும் அதைச் சொல்லிக் காட்டியதில்லை. அதற்காகவே எல்வினுக்கு அவன் உயிர்.

திரும்பி வந்தால் ஆட்களை ஏற்றி இறக்கும் கூண்டு மேலே போயிருந்தது. தொலைபேசியை எடுத்தான்.

"கூண்ட அனுப்புடா இவோர்."

மறுமுனையில் நிதானமாகத் தேநீர் உறிஞ்சும் சத்தம். "பலகை நெறஞ்சாச்சு எல்வின். கூண்டுக்காரன் பாத்துட்டு, பூட்டிட்டுப் போயிட்டான். குளிர்காலம் முழுக்க மூடல், இனி ஈஸ்டருக்குத்தான் தொறப்போம்."

"விளையாடாதடா!"

"தம்பி இத்தன வருஷமா அங்க தனியா கெடக்கான். நீதானே அவனுக்கு ஜோடி."

தொலைபேசி ஊமையானது. பயத்துக்கு முன்னால் எல்வினுக்கு வயிறு எரிந்தது. நாற்பது வருடம் ஒரே மேசையில் பீர் குடித்தவன். ஒரு நாளாவது சட்டையைப் பிடித்து அடித்திருக்கலாமே, பாவி!

தலைவிளக்கு மங்கியது. சிவந்தது. அணைந்தது.

இழுப்பு. லாயத்துப் பக்கம்.

இப்போது அருகில்.

யாரோ அவனை ஒட்டிக் குந்தினார்கள். தகரப் பெட்டி திறந்தது. ஈர விரல்கள் அவன் கையைத் தடவிப் பிடித்து, ஒவ்வொரு விரலாக விரித்து, பாதி ரொட்டியை வைத்தன.