கணுக்கால் ஆழம்

அன்று காலையும் செங்கமலத்தின் கால்கள் கணுக்கால் ஆழத்தில் நின்றுவிட்டன. தூத்துக்குடிக் கடற்கரையில் அது யாருக்கும் புதுமையில்லை. அவளுக்கு இருபுறமும் முப்பது நாற்பது பேர், அலை தொடும் இடத்தில் நட்டுவைத்த கம்பங்களைப் போல வரிசையாக நின்றிருந்தார்கள். எல்லோருக்கும் கணுக்கால் வரைதான் ஈரம்.

"போதும் அம்மா," என்றது அவளுடைய இடது காதுக்குப் பின்னால் இருந்த காவலி. "இதற்கு மேல் சென்றால் ஆபத்து ஆயிரத்தில் இரண்டு."

"ஆயிரத்துல ரெண்டுதானே?"

"இரண்டு இருக்கிறதே அம்மா."

அரிசிமணி அளவுள்ள அந்தக் கருவியை ஐந்து வயதில் எல்லோருக்கும் பொருத்திவிடுவார்கள். அதன் இழை ஒன்று தண்டுவடத்தோடு பிணைந்திருக்கும். ஆபத்து என்றால் முதலில் சொல்லிப் பார்க்கும். கேட்காவிட்டால் உடம்பை அப்படியே நிறுத்திவிடும். அதற்குத் தசைப்பூட்டு என்று பெயர். வலிக்காது. தசைப்பூட்டு வந்தபின் விபத்து என்ற சொல்லைச் சிறுவர்கள் அகராதியில்தான் பார்த்தார்கள். எலும்பு முறிவு மருத்துவர்கள் வேறு தொழிலுக்குப் போய்விட்டார்கள். மாமரத்தில் ஏறியவர் இல்லை. வீட்டில் எண்ணெய்ச் சட்டி வைத்து வடை சுட்டவரும் இல்லை.

செங்கமலத்துக்கு வயது ஐம்பத்தாறு. கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் முப்பது வருடம் வேலை பார்த்தவள். தினமும் கடலைக் கண்ணாடிக் குழாயில் பிடித்து உப்பு எவ்வளவு, சேறு எவ்வளவு என்று அளந்து எழுதியிருக்கிறாள். ஊருக்கே கடலைக் குடிக்கக் கொடுத்தாள். அதற்குள் முழங்கால் வரை இறங்கியதில்லை. ஓய்வு பெற்ற மறுநாளே ஊமைத்தீவுக்குப் பெயர் பதிந்தாள். செவ்வாயில் குடியேறிவிட்ட மகனுக்குச் செய்தி அனுப்பினாள். அது போய்ச் சேரப் பன்னிரண்டு நிமிடம், பதில் வரப் பன்னிரண்டு நிமிடம். இருபத்துநான்கு நிமிடம் காத்திருந்த அவள் காதில் விழுந்தது இவ்வளவுதான்: "எதுக்கும்மா இந்த வயசுல உனக்கு இதெல்லாம்?"

அவள் பயணத்துக்குப் பணம் கட்டினாள்.

ஊமைத்தீவு தெற்கே ஒரு மணி நேரப் படகுப் பயணம். அந்தத் தீவின் கரும்பாறைகளுக்குக் காவலியை இயக்கும் வானலைக் குறிகளை விழுங்கிவிடும் குணம் இருந்தது. தீவுக்குச் சற்று முன்னால் கடலில் ஒரு சிவப்பு மிதவை ஆடிக்கொண்டிருக்கும். அதைத் தாண்டினால் காவலி உறங்கிவிடும். திரும்பும்போது அதே மிதவையில் விழித்துக்கொள்ளும். அரசு அங்கே அரைநாள் உல்லாசப் பயணம் ஒன்றை அனுமதித்திருந்தது. ஒரு நடைக்கு ஐந்து பேர். முதலில் காட்டுவழியில் கையோட்டு வண்டி ஓட்டலாம். பிறகு பவளப்பார் என்ற கடலடிப் பவளத்திட்டின் மேல், முகக்கண்ணாடியும் மூச்சுக்குழாயும் மாட்டிக்கொண்டு நீந்தலாம். உலகத்தில் வேறெங்கும் மனிதர் கையால் வண்டி ஓட்டும் இடம் இல்லை.

முறை வந்த நாளில், படகு மிதவையைத் தாண்டிய கணத்தில் செங்கமலத்தின் தலைக்குள் எதுவோ எழுந்து போனது. நாள் முழுக்க ஓடிய மின்விசிறியை யாரோ நிறுத்தியதைப் போல அவ்வளவு அமைதி. எதிரே உட்கார்ந்திருந்த எஸ்தர் என்ற அம்மாள் அழத் தொடங்கினாள். அவளுடைய கணவர், பள்ளி ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்ற ஜெபராஜ், இரண்டு கைகளையும் தூக்கி "ஹோ" என்று கத்தினார். காயல்பட்டினத்துத் துணி வியாபாரி அன்வர்தீன் எழுந்து நின்று படகின் விளிம்பில் ஒரு காலை வைத்துப் பார்த்தார், உடனே எடுத்துவிட்டுச் சிரித்தார். கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த பல்லவி என்ற இளம்பெண் தன் விரலைக் கடித்துப் பார்த்தாள்.

படகுத்துறையில் லூர்து காத்திருந்தான். தீவின் பழைய குடிகளில் ஒருவன்; காவலியே பொருத்திக்கொள்ளாதவன். அவனுடைய முன்கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை ஒரு தழும்பு ஓடியது. ஐந்து பேரும் அதையே பார்த்தார்கள். தழும்பை யாரும் நேரில் கண்டதில்லை.

"பாறை கிழிச்சது. ஒண்ணும் செய்யாது, வாங்க," என்றான் லூர்து. "இது ஸ்டியரிங், இது கிளட்ச், இது பிரேக். பிரேக்கை மட்டும் மறந்துராதீங்க."

முதலில் அன்வர்தீன் ஓட்டினார். வண்டி மூன்று முறை நின்று நின்று, பிறகு குதிரைக்குட்டி போலத் துள்ளிக் கிளம்பியது. தாழம்புதர்களுக்கு நடுவே செம்மண் தடம் ஏறியும் இறங்கியும் போனது. ஆறு பேரும் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். எல்லோருக்கும் சிரிப்பு அடங்கவில்லை. அடுத்து ஜெபராஜ் உட்கார்ந்தார். ஒரு வளைவில் வண்டியின் மூக்கு பாறையில் மோதியது. பெரிய அடியில்லை; விளக்குக் கண்ணாடி மட்டும் உடைந்தது. ஆனால் ஜெபராஜ் இறங்கி நின்றபோது முகம் வெளுத்திருந்தது.

"பாருங்க," என்றார். "சுதந்திரம் நல்லதுதான். நான் வேண்டாம்னு சொல்லலை. ஆனா நமக்குள்ள ஒரு ஒழுங்கு வேணும்லா?"

"வாஸ்தவம்தான்," என்றார் அன்வர்தீன்.

கால் மணி நேரத்தில் ஒரு குழு உருவாகிவிட்டது. ஜெபராஜ் தலைவர், அன்வர்தீன் செயலர். வேகம் மணிக்குப் பத்து கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடாது. ஐம்பது வயது தாண்டிய பெண்கள் ஓட்டவேண்டாம். ஓடையைக் கடக்காமல் சுற்றிப் போகலாம். ஒவ்வொன்றுக்கும் கைகள் உயர்ந்தன. எஸ்தர் கணவரைப் பார்த்துவிட்டுக் கையைத் தூக்கினாள். பல்லவியும் எல்லோரையும் பார்த்துவிட்டுத் தூக்கினாள். செங்கமலம் தூக்கவில்லை.

"அம்மா, உங்க கை?" என்றார் ஜெபராஜ்.

"அடுத்து என் முறை," என்றாள் செங்கமலம். "சாவி யார்கிட்ட இருக்கு?"

லூர்து சாவியை அவளிடம் நீட்டினான். "வண்டி என்னோடது. ஓட்டணும்னு வந்தவங்க ஓட்டட்டும்."

"கூட்டத்து முடிவை மீறுதீங்க!" என்றார் ஜெபராஜ்.

"மீறத்தான இவ்வளவு தூரம் வந்திருக்கேன்."

அவள் ஓடையை நோக்கியே வண்டியை விட்டாள். நடு ஓடையில் பின்சக்கரம் சேற்றில் புதைந்து சுழன்றது. பின்னிருக்கைகளிலிருந்து நாலைந்து குரல்கள் ஒரே நேரத்தில் யோசனை சொல்லின. அவள் கியரை மாற்றிக் கொஞ்சம் பின்னால் வந்தாள், கொஞ்சம் முன்னால் போனாள், மறுபடி பின்னால். அவளுடைய கைகள் நடுங்கின. ஆனால் நடுக்கம் அவளுடையதாக இருந்தது, யாரும் அதைப் பூட்டவில்லை. சட்டென்று சக்கரம் பிடி கண்டு சேற்றை வாரி இறைத்தபடி கரையேறியது. திரும்பிப் பார்த்தால் ஜெபராஜின் மூக்குக்கண்ணாடி முழுக்கச் சேறு. பல்லவி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

பவளப்பார் தீவின் மேற்குக் கரையில் இருந்தது. லூர்து முகக்கண்ணாடிகளையும் மூச்சுக்குழாய்களையும் மிதப்புச் சட்டைகளையும் எடுத்துக் கொடுத்தான். "கண்ணாடிக்குள்ள எச்சி துப்பித் தேச்சுக்கிடுங்க, ஆவி படியாது. பாருக்கு அந்தாண்ட நீவாடு உண்டு. நீரோட்டம். இழுத்துச்சுன்னா எதுத்து நீஞ்சாதீங்க, குறுக்கால வந்துருங்க."

நீவாடு என்ற சொல் போதுமானதாக இருந்தது. குழு மணலில் மறுபடி கூடியது. முழங்காலுக்கு மேல் யாரும் இறங்குவதில்லை என்று முடிவானது. செங்கமலம் அதைக் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. மிதப்புச் சட்டையை மாட்டி, கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு நடந்தாள். கணுக்கால் நனைந்தது. உடம்பு பழக்கத்தில் ஒரு நொடி நின்றது. பிறகு அடுத்த அடி போனது.

அப்போதுதான் இரண்டு கைகள் அவளைப் பிடித்தன. வலது பக்கம் ஜெபராஜ், இடது பக்கம் அன்வர்தீன்.

"உங்க நல்லதுக்குத்தாம்மா சொல்லுதோம்," என்றார் ஜெபராஜ்.

காவலி பிடித்தால் வலிக்காது. இவர்கள் பிடித்தது வலித்தது.

"விடுங்க."

"நாளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா எங்களைத்தானே கேப்பாங்க?" என்றார் அன்வர்தீன்.

"விடாட்டி உங்களையும் சேத்து இழுத்துட்டுப் போவேன்," என்று சொல்லிவிட்டு அவள் நடந்தாள். உண்மையாகவே இழுத்துக்கொண்டு நடந்தாள். தண்ணீர் அவர்களுடைய முழங்காலைத் தொட்டதும் இரண்டு பிடிகளும் தாமாகவே கழன்றன.

அவள் முகத்தைக் கடலுக்குள் வைத்தாள்.

முதலில் கேட்டது தன் மூச்சுதான். யாரோ பக்கத்தில் படுத்து உறங்குவதைப் போல. அப்புறம் நறநறவென்று ஒரு சத்தம். நீலமும் பச்சையுமாகக் கிளிமீன்கள் கூட்டமாய்ப் பவளத்தைக் கடித்துத் தின்றுகொண்டிருந்தன. முப்பது வருடமாக அவள் 'கலங்கல்' என்று எழுதிவைத்தது, வெயில் பட்டுத் தங்கத்தூளாகக் கண்ணெதிரே மிதந்தது. ஓர் ஆமை அவளைப் பொருட்படுத்தாமல் கீழே கடந்து போனது. அவள் அதன் பின்னாலேயே போனாள். போனவள், தனக்குக் கீழே பார் முடிந்து தரை தெரியாத நீலம் தொடங்கியதைக் கவனிக்கவில்லை.

நீவாடு அவளைப் பற்றிக்கொண்டது. கால்களை எவ்வளவு உதைத்தும் கரை பின்னால் போய்க்கொண்டே இருந்தது. குழாயில் தண்ணீர் புகுந்து தொண்டை எரிந்தது. நூற்றில் எத்தனை, ஆயிரத்தில் எத்தனை என்று சொல்ல யாருமில்லை. செத்துப்போய்விடுவேன் என்று தெளிவாக நினைத்தாள். குழாயிலிருந்த நீரை ஊதித் தள்ளினாள். கரையைப் பார்ப்பதை விட்டாள். பக்கவாட்டில் திரும்பி, ஓட்டத்துக்குக் குறுக்கே, எண்ணி எண்ணிக் கை வீசினாள். நூற்றுப்பத்து வரை எண்ணினாள். முழங்கால் எதிலோ உரசி எரிந்தது. பவளப்பார்!

கழுத்தளவு தண்ணீருக்கு வந்து எழுந்து நின்றபோது பக்கத்தில் பல்லவி நின்றிருந்தாள். கண்ணாடி அவள் கையில் இருந்தது.

"அக்கா, உள்ள என்ன இருக்குதுங்க?"

"சொன்னாப் புரியாது. வந்து பாரு. பாரைத் தாண்டாத."

இருவரும் அரைமணி நேரம் மிதந்தார்கள். செங்கமலம் கரையேறியபோது முழங்காலில் இரத்தம் வழிந்தது. மற்ற மூவரும் அதைக் கண்டு பின்வாங்கினார்கள். அவள் மட்டும் குனிந்து ஆசையோடு பார்த்துக்கொண்டாள்.

பதினோரு மணிக்குப் படகுத்துறைக்குத் திரும்பினார்கள். துறையின் நுனியில் இயந்திர எழுத்தர் ஒருவர் நின்றிருந்தார். கடலடிக் கம்பிவடம் ஒன்றால் கரையோடு இணைக்கப்பட்டவர். ஜெபராஜ் நேராக அவரிடம் போய் ஒரு தாளை நீட்டினார். அந்தத் தீவிலும் எப்படியாவது காவலி இயங்க வழி செய்யவேண்டும் என்ற விண்ணப்பம் அது. வண்டியில் வரும்போதே எழுதியிருந்தார்.

"நன்றி ஐயா," என்றார் எழுத்தர். "இது ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டாவது விண்ணப்பம். வந்த குழுக்கள் அனைத்தும் இதைக் கொடுத்திருக்கின்றன."

"அப்படியும் உங்க ஆளுங்க ஒண்ணும் செய்யலியா?"

"காவலி வேண்டும் என்று நாங்கள் கேட்டதில்லை ஐயா. முதல் காவலியும் மக்கள் தந்த இப்படி ஒரு விண்ணப்பத்தால் வந்ததுதான்."

செங்கமலம் நொண்டியபடி முன்னால் வந்தாள். "அதைக் கழட்டுறதுக்கு விண்ணப்பம் இருக்கா?"

"இருக்கிறது அம்மா. நாற்பது ஆண்டுகளாக இருக்கிறது. இதுவரை எவரும் கேட்கவில்லை." எழுத்தரின் மார்பிலிருந்து ஒரு படிவம் வெளியே வந்தது. "மருத்துவச் சோதனை இல்லை. காரணம் கூற வேண்டியதில்லை. காவலி பொருத்தியவர்களின் பதிவேட்டில் உள்ள நான்கு பேர், தங்களுக்கு ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்திட்டால் போதும்."

"எந்த நாலு பேரு?"

"யாராயினும். விதி வகுக்கும்போது பொதுமக்களிடம் கருத்துக் கேட்டோம். நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று பார்க்கவேண்டும் எனப் பெரும்பாலோர் எழுதியிருந்தார்கள். அதையே விதியாக வைத்துக்கொண்டோம்."

லூர்துவின் பெயர் பதிவேட்டில் இல்லை. செங்கமலம் மற்ற நால்வரையும் திரும்பிப் பார்த்தாள். பல்லவி பேனாவைப் பிடுங்காத குறையாக வாங்கிக் கையெழுத்திட்டாள். அடுத்து, யாரும் எதிர்பாராமல், எஸ்தர் வந்தாள்.

"எஸ்தர்!" என்றார் ஜெபராஜ்.

"அவங்க போயிட்டு வந்துட்டாங்கள்லா," என்றாள் எஸ்தர், கணவரைப் பார்க்காமல். எழுத்துகள் கோணலாக விழுந்தன.

ஜெபராஜ் மறுபக்கம் திரும்பிக்கொண்டார். அன்வர்தீன் நல்ல மனிதர். பேனாவை வாங்கினார். தாளின்மேல் குனிந்தார். பேனாவின் முனை தாளுக்கு ஓர் அங்குலம் மேலே அப்படியே நின்றது. அவருடைய விரல்கள் வெளுத்து விறைத்தன. நெற்றியில் வியர்வை துளிர்த்தது.

"என்னம்மா செய்யட்டும்," என்றார் தாழ்ந்த குரலில். "எனக்கு மனசு இருக்கு. என் காவலி கையைப் பூட்டிடிச்சு."

"காவலி மிதவைக்கு அப்பால்தான் விழிக்கும் ஐயா," என்றார் எழுத்தர் பணிவாக. "இப்போது உறங்குகிறது."

அன்வர்தீன் பேனாவை மெல்லக் கீழே வைத்தார்.

புறப்பாட்டுச் சங்கு ஊதியது. நால்வரும் ஏறினார்கள். செங்கமலம் படிவத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு அங்கேயே நின்றாள்.

"ஏறுங்கம்மா!"

"நான் வரலை."

"தீவில் தங்கத் தடை எதுவும் இல்லை," என்றார் எழுத்தர், கேட்காமலே.

படகு நகர்ந்தது. ஜெபராஜும் அன்வர்தீனும் கம்பிக்கு மேல் பாதி உடம்பை வெளியே நீட்டிக் கையை ஆட்டி ஆட்டிக் கத்தினார்கள். சொன்னால் கேளுங்கள், பையனுக்கு என்ன பதில் சொல்வீர்கள், ஊரில் என்ன நினைப்பார்கள். மிதவையைத் தாண்டியதும் கம்பிக்கு வெளியே நீண்டிருந்த அந்த இரண்டு உடம்புகளும் சட்டென நிமிர்ந்து ஒழுங்காக உட்கார்ந்துகொண்டன. கைகள் மடியில் அடங்கின. ஆனால் புத்திமதி மட்டும் தண்ணீரின்மேல் வெகுநேரம் வந்துகொண்டேயிருந்தது. தசைக்குத்தான் பூட்டு, வாய்க்கு இல்லை.

"இன்னும் ரெண்டு கையெழுத்து வேணும். நாளைக்கு யாரும் வாராங்களா?" என்று கேட்டாள் செங்கமலம்.

"அஞ்சு பேரு," என்றான் லூர்து. "மாட்டேன்னுதான் சொல்லுவாங்க."

"சொல்லட்டும். நாளன்னைக்கும் அஞ்சு பேர் வருவாங்கள்லா?" அவள் முகக்கண்ணாடிக்குள் துப்பித் தேய்த்தபடி மேற்குக் கரைக்கு நடந்தாள்.